தங்கராஜும் நானும் முழுக்கு எடுத்த கதை

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பாட்டுப் புத்தகம். இந்தக் கோலத்தில் கங்கைக் கரையில், தொடைவரை சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தேன். வலது காலை எடுத்தால் இடது கால் இறங்கியது. இடதை எடுத்தால் வலது இறங்கியது.

மேலே படிகளில் எங்கள் சபையார் முப்பது பேரும் பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார். என் மனைவி எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பயந்து அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தபிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

காலை ஒன்பது மணி. நான் குறித்துக் கொடுத்த நேரம். அந்த நேரத்துக்கு ஆறு நிறைந்து படிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்று சபை நோட்டீஸ் பலகையில் என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். ஆறோ எங்கேயோ தூரத்தில், என்னைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் இருந்ததெல்லாம் சேறு.

ஞானஸ்நானம் எடுக்கப் போனவன் இந்தச் சேற்றில் எப்படி மாட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோபமும் குணமும்

நடந்தது சில வருஷங்களுக்கு முன்னால். முகக்கவசங்களை எல்லோரும் கழற்றி எறிந்தபிறகு வந்த ஒரு பிப்ரவரியோ மார்ச்சோ. இங்கே தை மாசியில் வருகிற சரஸ்வதி பூஜை முடிந்து, ஆற்றில் கரைத்த பொம்மைகளின் வைக்கோல் படித்துறை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. அதை வைத்துத்தான் மாதத்தைச் சொல்கிறேன்.

இந்தத் தொடருக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக: என் பெயர் ஜெபமணி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கொல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் முப்பத்துமூன்று வருஷம் கிளார்க்காக இருந்தேன். சரக்குப் பத்திரங்களைச் சுங்க இலாகாவுக்குக் கொண்டுபோய், மேஜை மேஜையாக அலைந்து, முத்திரை வாங்கி வருகிற வேலை. அதற்கு வேண்டியது பொறுமை. என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். "கோபத்தை நாங்க தெனமும் பாக்கோம். குணத்தை எப்போ வெளிய எடுப்பீங்க?" என்பாள் எஸ்தர்.

எங்கள் தமிழ்ச் சபை கிடர்பூரில் ஒரு வாடகை ஹாலில் கூடும். கீழே லாரி உதிரிபாகக் கடை, மேலே நாங்கள். தெருவில் லாரிகள் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கத் தொடங்கினால் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அந்தச் சபைக்கு இருபது வருஷமாக நான்தான் செயலாளர். அறிவிப்பு வாசிப்பது, நோட்டீஸ் ஒட்டுவது, தாமதமாக வருகிறவர்களை முறைத்துப் பார்ப்பது எல்லாம் என் இலாகா.

இத்தனை செய்தவன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது ஊர் வேதக்கோயிலில் என் தலையில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. என் அப்பாவும் அம்மாவும் முழுமனதோடு செய்த காரியம் அது. அன்றைக்கு என் பங்குக்கு நான் வீறிட்டு அழுததாகக் கேள்வி. ஒருமுறையாவது என் வாயால் ஆமென்று சொல்லி இறங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஞானஸ்நானம் எடுப்பவர்களின் பட்டியலை நானே எழுதுவேன். என் பெயரை மட்டும் எழுத மாட்டேன்.

காரணம் கேட்டால் முழங்கால் வலி என்பேன், சளி என்பேன். கடைசி எட்டு வருஷமாக உண்மையான காரணத்துக்குத் தங்கராஜ் என்று பெயர்.

ஒரு அண்டா குழம்பு

தங்கராஜ் எனக்கு எட்டு மாதம் மூத்தவன். ஊரும் பக்கத்து ஊர். கிடர்பூர் துறைமுகத்தில் லாக் கேட்டில் வேலை. கப்பல் நிற்கிற தொட்டிக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் பிரம்மாண்டமான கதவுகள் அவை. ஆற்றில் தண்ணீர் ஏறும்போது திறந்து கப்பலை விட வேண்டும், இறங்குவதற்குள் மூட வேண்டும். கங்கை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது அவனுக்கு வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாதிரி.

மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவன் மனைவி, எனக்கு அண்ணி முறையான புஷ்பம் மைனி, எனக்கும் சேர்த்தே குழம்பு ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருநாள் சபையே கூடி, மேலோர் கீழோர் இல்லாமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுவது. கொல்கத்தாவுக்கு வந்தும் அதை நாங்கள் விடவில்லை. குழம்பு எப்போதும் தங்கராஜின் பொறுப்பு.

ஒரு வருஷம், பந்தி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்து வீட்டு பெங்காலி அண்ணன், இங்கே தாதா என்பார்கள், அன்போடு கொடுத்த சந்தேஷ் இனிப்பு இரண்டை வாயில் போட்டுக்கொண்டேன். அந்த வாயோடே போய்க் குழம்பை ருசி பார்த்தேன். உப்பு கரித்தது. செயலாளர் அல்லவா? நேரே மைக்கைப் பிடித்தேன்.

"குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. சபையார் சகித்துக்கொள்ளவும். சமைத்த சகோதரருக்காக ஜெபித்துக்கொள்ளவும்."

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்ற தங்கராஜ் சிரிக்கவில்லை. கோழி கூவுவதற்கு முன்பிருந்தே அடுப்படியில் வெந்தவன் அவன். கரண்டியைக் கழுவி வைத்தான், புஷ்பம் மைனியைக் கூப்பிட்டான், இரண்டு பேரும் சாப்பிடாமல் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். "வாயி நெறைய இனிப்பை வச்சிக்கிட்டு உப்பு பாத்தா கரிக்காம என்ன செய்யும்? போயி மன்னிப்புக் கேளுங்க" என்றாள் எஸ்தர். விளையாட்டுக்குச் சொன்னதற்கெல்லாம் மன்னிப்பா என்று நான் விட்டுவிட்டேன். அவனாக வந்து பேசட்டும் என்று நான் இருந்தேன். நானாக வந்து கேட்கட்டும் என்று அவன் இருந்தான். ஹாலில் அவன் ஜன்னல் பக்கம், நான் வாசல் பக்கம். கர்த்தருடைய பந்தியில் அப்பமும் திராட்சைரசமும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடப்பதில் நல்ல பழக்கம் வந்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் புஷ்பம் மைனி இறந்துபோனார்கள்.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் நின்று, பாட்டுச் சத்தம் ஓய்ந்ததும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் ஊரில் பகையாளிகூடக் கேதம் கேட்கப் போவான். துக்க வீட்டுக்குப் போய் விசாரிக்காதவனை மனுஷனாகவே சேர்க்க மாட்டார்கள். மைனி கையால் அத்தனை வருஷம் சாப்பிட்ட நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வெட்கம்தான் காரணம். அதை வீம்பு என்று வெளியே காட்டிக்கொண்டேன். இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

பெட்டியும் கப்பலும்

கொரோனாவில் நான் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைத்து வந்தபிறகு எதையும் ஒத்திப்போடுவதில் ருசி போய்விட்டது. அந்த வருஷம் ஞானஸ்நானப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதி ஹாலில் ஒட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், கடைசியில் ஐந்தாவதாகத் தங்கராஜின் கையெழுத்து.

எங்கள் பாஸ்டர் என் மகள் வயதுக்காரர். நாலு சனிக்கிழமை எங்கள் ஐந்து பேருக்கும் வகுப்பு எடுத்தார். முதல் நாளே ஒரு போடு போட்டார். "இது குளியல் இல்ல. அடக்கம். இயேசு செத்தப்போ அவரோட சேந்து நீங்களும் செத்தாச்சு. அவர் எந்திரிச்சப்போ நீங்களும் எந்திரிச்சாச்சு. தண்ணிக்குள்ள போயிட்டு வரது அதுக்கு ஆமான்னு சொல்றதுதான்."

"அவரு செத்தது எந்தக் காலம்? நான் எப்படி அதுல சேர முடியும், பாஸ்டர்?" என்று கேட்டேன். கிளார்க் புத்தி போகுமா?

அவர் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தார். கிறிஸ்துவுக்குள் இருப்பது, கிறிஸ்து நமக்குள் இருப்பது, கொடியும் செடியும். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது, லாரியில் ஒரு கண்டெய்னர் பெட்டி என்னை உரசிக்கொண்டு போயிற்று. அப்போதுதான் உறைத்தது. வகுப்புக்குள் நுழைந்ததுமே சொன்னேன்.

"பாஸ்டர், பெட்டி கப்பலுக்குள்ள ஏறிட்டா முடிஞ்சுது. பெட்டிக்கு நீந்தத் தெரிய வேண்டாம். கப்பல் புயலுக்குள்ள போனா பெட்டியும் போச்சு. கப்பல் கரை சேந்தா பெட்டியும் கரை சேந்தாச்சு. அப்படித்தானே?"

பாஸ்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விசுவாசம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லவனாக இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதில் நான் தினமும் காலை பத்து மணிக்குள் தோற்றுவிடுவேன். ஏறி உட்கார்ந்தால் போதும், சுமக்கிறவர் அவர் என்று தெரிந்ததும் நெஞ்சில் ஒரு கனம் இறங்கியது. எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் தங்கராஜ் என்னைப் பார்த்ததுபோல இருந்தது. நான் திரும்புவதற்குள் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசி வகுப்பில் பாஸ்டர் ஒன்று சொன்னார். "யார்கூடயாவது மனஸ்தாபம் இருந்தா தண்ணில எறங்கறதுக்கு முன்னால முடிச்சிடுங்க. பகையை மடியில கட்டிக்கிட்டு, நான் செத்தாச்சுன்னு சொல்ல முடியாது."

தங்கராஜும் நானும் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தோம். அன்று சாயங்காலம் அவன் வீட்டுத் தெருமுனை வரை போனேன். அங்கே ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

தண்ணீருக்கு யாரைக் கேட்பது?

வழக்கமாக வேறொரு சபையின் ஞானஸ்நானத் தொட்டியை இரவல் கேட்போம். அந்த வருஷம் அதில் விரிசல். ஆற்றிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கங்கையில் கடலின் ஏற்ற இறக்கம் உண்டு, நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். "தங்கராஜ் அங்கிள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார் பாஸ்டர்.

சபை முழுவதும் அதைத்தான் நினைத்தது. எனக்குச் சுருக்கென்று வந்தது. நானும் துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருஷம் குப்பை கொட்டினவன்தானே? அவனைப் போய்க் கேட்பதா? நியூ டவுனில் இருக்கும் என் மகள் கிரேஸுக்குப் போன் போட்டு, ஏற்ற இறக்க அட்டவணையைத் தேடச் சொன்னேன்.

"பாபா, இதுல ரெண்டு இடம் போட்டிருக்கு. கோன்டா, எதைப் பாக்கணும்?" என்றாள். பெங்காலி கலக்காமல் அவளுக்கு ஒரு வாக்கியம் வராது.

"மொதல்ல இருக்கதைப் பாரு. அப்பாவுக்குத் தெரியும்."

முதலில் இருந்தது ஆறு கடலில் சேருகிற சாகர் தீவின் நேரம். அங்கே ஆறு நிறைந்து நாலு மணி நேரம் கழித்துத்தான் கிடர்பூரில் நிறையும். கங்கையோடு பிழைப்பு நடத்தியவன் எவனும் செய்யாத தப்பு. ஒன்பது மணி என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் படித்துறையில் போய் நின்றால் சேறு. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதாவது தப்பை ஒத்துக்கொண்டிருக்கலாம். "கொஞ்சம் சேறுதான், பத்தடி நடந்தா தண்ணி" என்று சொல்லி வீராப்பாக இறங்கினேன். படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "தாதா, ஜாபேன் நா! போகாதீங்கோ!" என்று தனக்குத் தெரிந்த பாஷையெல்லாம் சேர்த்துக் கத்தினார். ஐந்தாவது அடியில் நான் தொடைவரை போயிருந்தேன்.

பலகை

எஸ்தரின் தோளுக்குப் பின்னாலிருந்து தங்கராஜ் வந்தான். படியோரம் கட்டியிருந்த படகு ஒன்றிலிருந்து ஏறி இறங்குகிற பலகையை உருவினான். அதைச் சேற்றின்மேல் போட்டு, தன் வெள்ளை வேட்டியோடு அதில் குப்புறப் படுத்து, கையை நீட்டினான்.

"காலை ஆட்டாதேயும்வே. ஆட்ட ஆட்ட உள்ளதான் இழுக்கும். பலகையில நெஞ்சைச் சாச்சுக் கொடும்."

எட்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சாய்த்தேன். இழுத்தான். நான் வெளியே வந்த வேகத்தில் பலகை புரண்டு இரண்டு பேரும் சேற்றில் உருண்டோம். எப்படியோ தவழ்ந்து படிக்கு வந்து சேர்ந்தோம். வெள்ளை என்று சொல்ல எங்கள் இருவரிடமும் பல் மட்டும்தான் மிச்சம்.

மூச்சு வாங்கியதும் கேட்டேன். "ஒம்பது மணிக்குத் தண்ணி இருக்காதுன்னு உமக்குத் தெரியுமாவே?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீரு நோட்டீஸ் ஒட்டின அன்னைலேருந்து."

"வாயைத் தொறந்து சொன்னா என்ன?"

"நீரு கேக்கலையே."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு காதிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படியில் சாய்ந்து, இரண்டு கிழவர்கள் சிரித்தோம். "ரெண்டு பேரும் அப்படியே இருங்க, போட்டோ எடுக்கணும்" என்று எஸ்தர் போனைத் தேடினாள்.

தங்கராஜ் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். ஆற்றைப் பார்த்தான். "எல்லாரும் மேல ஏறுங்க. கடேசிப் படியில ஒருத்தரும் நிக்காதீங்க. இன்னைக்குப் பான் வரும்."

பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கங்கையில் ஏற்றம் மெதுவாக வராது. சுவர் மாதிரி ஒரே அலையாக வரும். அதைத்தான் பான் என்பார்கள். அரை மணிகூட ஆகவில்லை. "பான் ஆஷ்ச்சே! பான் ஆஷ்ச்சே!" என்று கத்திக்கொண்டே தூரத்தில் தண்ணீரில் இருந்த படகுக்காரர்கள் படகுகளை நடு ஆற்றுக்குத் தள்ளினார்கள். அலை வந்தது. நான் மாட்டிக்கொண்டு நின்ற இடத்தை ஒரு நொடியில் விழுங்கிவிட்டுப் படிகளில் அறைந்தது. நாங்கள் விட்டுவந்த பலகை தூக்கி எறியப்பட்டு எங்கேயோ போயிற்று.

அந்தச் சேற்றில் ஐந்து பேரை வரிசையாக நிறுத்த இருந்தவன் நான். தங்கராஜ் என் பக்கம் திரும்பினான். "படிக்கு வந்ததும் சொல்லிரலாம்னு இருந்தேன்வே. நீரு மூக்கை ஒடச்சிக்கிடுறதைக் கொஞ்சம் பாப்போம்னு ஒரு கெட்ட புத்தி" என்றான்.

படியில் மூன்று மணி நேரம்

தண்ணீர் நிறைந்து அடங்க மத்தியானம் ஆகும் என்றான். ஒருவரும் வீட்டுக்குப் போகச் சம்மதிக்கவில்லை. முறுக்கும் முடியும் வந்தன. முடி என்றால் இங்கே பொரி. மண் குவளையில் டீ வந்தது. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பாஸ்டருக்கு உதவியாகத் தண்ணீரில் நிற்க வேண்டிய இரண்டு வாலிபர்கள் மட்டும் ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று நியூ டவுனுக்குக் கிளம்பினார்கள்.

தங்கராஜும் நானும் காய்ந்து வெடிக்கிற சேற்றோடு ஒரே படியில் உட்கார்ந்திருந்தோம். இனியும் ஒத்திப்போட்டால் நான் மனுஷன் இல்லை என்று தோன்றியது.

"கொழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"எனக்குத் தெரியாதாவே?"

"மைக்குல சொன்னது தப்பு. மன்னிச்சிரும்."

"சவத்த விடும். கொழம்புக்கு யாரு அழுதா?"

டீக் குவளையைக் கீழே வைத்தேன். பிறகு மெல்லச் சொன்னேன். "மைனி அடக்கத்துக்கு நான் வந்தேன். உள்ள வரலை. கேட்டுக்கு வெளிய நின்னேன்."

"பாத்தேன்."

"பாத்தீரா?"

"மழை பேஞ்சுது. நீரு கொடைகூட இல்லாம நனைஞ்சிக்கிட்டு நின்னீரு. உம்மை முழுசா வெறுக்க விடாம அது ஒண்ணுதான் இத்தனை வருசம் இடிச்சிக்கிட்டே இருந்துச்சு."

நான் அழுதேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. முகத்தைத் துடைத்தால் சேறு கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது. அவன் தோள்துண்டின் காய்ந்த முனையைத் தேடி எடுத்து நீட்டினான்.

"அந்தப் பெட்டிக் கதை நல்லாருந்துச்சுவே" என்றான். "ஆனா ஒண்ணு சொல்லாம விட்டுட்டீரு. ஒரே ஒரு பெட்டியை ஏத்திக்கிட்டு எந்தக் கப்பலாவது பொறப்படுமா?"

நான் கப்பல் ஆபீசில் வேலை பார்த்தவன். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தண்ணீருக்குள்

ஆறு நிறைந்து அமைதியானபோது வெயில் தலைக்குமேல் வந்திருந்தது. தங்கராஜ் முதலில் இறங்கி, காலால் படிகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றான். நான் குனிந்து கையிலிருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினேன்.

"கழுவணும்னா அங்க கொழா இருக்கு, அங்கிள். இங்க அடக்கம்பண்ணத்தான் வந்திருக்கோம். இருக்கிறபடியே வாங்க" என்றார் பாஸ்டர்.

நீரோட்டத்தில் ஒரு ஆளை அவர் தனியாகச் சாய்த்து எழுப்ப முடியாது. வாலிபர்கள் இருவரும் போயாயிற்று. "நீங்களே ஒருத்தருக்கொருத்தர் பிடிங்க" என்று சொல்லிவிட்டார். மற்ற மூவரும் படியில் காத்திருக்க, முதலில் தங்கராஜ். ஒரு பக்கம் பாஸ்டர், மறுபக்கம் நான். அவன் நல்ல கனம். அவனோடு நானும் போய்விடுவேனோ என்று பயந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "விசுவாசிக்கிறேன்" என்று அவன் சத்தமாகச் சொன்னான். சாய்த்தோம். எழுப்பினோம். கரையில் கைதட்டல். துணி துவைத்த அந்த மனிதரும் தட்டினார்.

அடுத்து நான். இயேசு எனக்காக மரித்தார், எனக்காக உயிர்த்தார், அவரோடு நானும் என்று விசுவாசிக்கிறீர்களா என்று பாஸ்டர் கேட்டார். விசுவாசிக்கிறேன் என்றேன். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

தண்ணீருக்குள் இருந்தது இரண்டு நொடி. பெரிய வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை. பழுப்பு நிறம், குளிர், காதுக்குள் ஆற்றின் இரைச்சல். என் பிடரியைத் தாங்கியிருந்த தங்கராஜின் கை மட்டும் நன்றாகத் தெரிந்தது. என்னை அடக்கம்பண்ணியவனும் தூக்கி எடுத்தவனும் அவன். மேலே வந்து மூச்சை இழுத்தபோது சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன் என்று எஸ்தர் இன்றைக்கும் சொல்வாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் டாக்சிக்காரன் ஈரத் துணிக்காகக் கத்தினான். நானும் திருப்பிக் கத்தினேன். "அடக்கம்பண்ணின ஆளு அதுக்குள்ள எந்திரிச்சிட்டாரா?" என்றாள் எஸ்தர். டாக்சிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பயந்துபோனான்.

எட்டு வருஷம் கழித்து ஒரு கேதம்

உடை மாற்றிக்கொண்டு அன்று சாயங்காலமே தங்கராஜ் வீட்டுக்குப் போனேன். இந்த முறை தெருமுனையில் டீ குடிக்கவில்லை. கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டான். பாயை விரித்தான்.

சுவரில் புஷ்பம் மைனியின் படம். அதன் எதிரே உட்கார்ந்து, கேதத்துக்கு வந்தவன் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எப்படி ஆச்சு?"

நேற்று நடந்தது போல அவன் எல்லாவற்றையும் சொன்னான். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றது, ஆம்புலன்ஸ் வர நேரமானது, கடைசியாக அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்டது. முழுவதும் சொல்லி முடித்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. யாரோ ஒருவன் வந்து கேட்பதற்காகவே அதை இத்தனை நாள் வைத்திருந்தான் போலும்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. துக்க வீட்டுக்குப் போனவன் புறப்படும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அதன்படி நானும் எழுந்து, அவன் கையை ஒருமுறை தொட்டுவிட்டு, வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினேன்.

"என்னவே, சொல்லாமப் போறீரு?"

"கேதத்துக்கு வந்தவன் சொல்லிட்டுப் போகக்கூடாதுல்லா?"

தங்கராஜ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மத்தியானம் நீரும் நானும் யாருக்குள்ள எறங்கினோமோ, அவருக்குள்ளதான் அவளும் இருக்கா. அவ எங்கயும் போயிரல. இது சாவு வீடு இல்லவே. சொல்லிட்டுப் போம்."

போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போனேன். சுவர்ப் படத்துக்கு முன்னால் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"போயிட்டு வாரேன், மைனி."